ஹீட் பம்பும் ஒரு சம்பந்தமும்

கிளடிஸுக்குச் சந்தேகம் ஒன்றும் புது வியாதி இல்லை. கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். சேர்ச்சில் காணிக்கைத் தட்டு கொண்டுவருகிறவரின் கையையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் காசு போடுவாள். ஆனால் இந்த முறை வந்திருக்கிற சந்தேகம் பெரிது. அது மகளைக் கட்ட வந்து நிற்கிற பெடியன் மேலே.

போன கிழமை அவள் காஸ் பில், கரண்ட் பில் இரண்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படுக்கப் போனாள். அதற்கு முந்தி நடந்ததைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் இருக்கிற அவர்கள் வீட்டில் பழைய ஏசி செப்டெம்பரில் மண்டையைப் போட்டது. மகள் ஸ்டெபனி, "என்ர ஃபிரெண்ட் ஒருத்தர் இதுதான் செய்யிறார்" என்று ஜெயந்தனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் போடச் சொன்னான். கோடையில் அது வீட்டைக் குளிர வைக்கும், குளிர்காலத்தில் சூடாக்கும், காஸை எரித்துச் சூடு தருகிற பழைய ஃபேர்னஸ் துணைக்கு நிற்கட்டும் என்றான். போட்டார்கள். நவம்பர் பில் குறைந்தது. கிளடிஸே வாய் திறந்து, "பெடியன் கெட்டிக்காரன்" என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு சொல் வருவதே அபூர்வம்.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு ஸ்டெபனி உண்மையைச் சொன்னாள். ஃபிரெண்ட் வெறும் ஃபிரெண்ட் இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துச் சைவ சமயக் குடும்பம். தகப்பன் பெயர் மாமாங்கம், தாய் இராசமணி, இருப்பது றிச்மண்ட் ஹில்லில். கிளடிஸ் கோபத்தில் குதித்தாள். அவளுடைய மனிசன் அமிர்தநாதர் மட்டும், "பிள்ளைக்குப் பிடிச்சிருந்தாச் சரிதானே" என்றார்.

சரியாக அதற்கு அடுத்து, ஜனவரியில் இருந்து பில் ஏறத் தொடங்கியது. காஸும் ஏறியது, கரண்டும் ஏறியது.

சமயத்தை அவள் எப்படியோ விழுங்கிக்கொள்வாள். ஆனால் ஏமாற்றுக்காரனுக்குப் பிள்ளையைக் கொடுக்க முடியுமா? ஸ்டெபனியோ, "அம்மா, நீங்கள் மனசார ஓம் எண்டு சொல்லாட்டி நான் கட்டமாட்டன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு கிளடிஸின் தலையில் பாரமாக இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். ஓமோ இல்லையோ, இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் கிளடிஸ், சிநேகிதி ஏஞ்சலாவைக் கோட் தொங்குகிற மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏஞ்சலா வோபர்னில் இருக்கிறாள். வீடும் ஏறக்குறைய இதே அளவு. அவளுடையது பழைய காஸ் ஃபேர்னஸ்.

"பில்லைக் கொண்டு வந்தனியே?"

"கொண்டு வந்தனான். இந்தா, பார்."

இரண்டு பேரும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஏஞ்சலாவின் காஸ் பில்லும் கரண்ட் பில்லும் சேர்ந்தும் கிளடிஸின் காஸ் பில்லை ஒரு சொட்டுத்தான் தாண்டின. கிளடிஸுக்கு இனிக் கரண்ட் வேறு இருக்கிறது.

"எடியே, என்ர ஃபேர்னஸ் ஜூலியன் பிறக்க முந்திப் போட்டது," என்றாள் ஏஞ்சலா. ஜூலியன் அவளுடைய மகன், இப்போது தாடி வைத்திருக்கிறான். "நீ புது மெசினுக்கும் குடுத்து, பில்லும் கூடக் கட்டுறாய். ஆரோ உன்ர தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கினம்."

இந்த வார்த்தைக்காகத்தான் கிளடிஸ் காத்திருந்தாள்.

காரில் வரும்போது அமிர்தநாதர் வழக்கம்போல மெதுவாக ஓட்டினார். வெள்ளிக்கிழமை கொட்டிய பனி தெருவோரத்தில் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது.

"நான் இண்டைக்கு இல்லை எண்டு சொல்லப்போறன்," என்றாள் கிளடிஸ்.

அவர் பிரேக்கை அழுத்தினார். சிக்னலில் நிறுத்திவிட்டு, "நீர் நல்லா யோசிச்சுத்தானே சொல்லுறீர்," என்றார். "உமக்கு மனசு ஒப்பேல்லை எண்டா நான் என்ன சொல்ல. பிறகு குற்றம் சொல்லமாட்டன்."

"நீங்கள்தானே அவனுக்குச் சப்போர்ட்?"

"சப்போர்ட்தான். ஆனா தாய்க்குத் தெரியாததே."

எவ்வளவு நியாயமான மனிசன் என்று கிளடிஸ் நினைத்தாள். கட்டிய நாள் முதல் இவரிடம் மட்டும் அவள் எதையும் உருட்டிப் பார்த்தது கிடையாது.

பன்னிரண்டு மணிக்குச் சொன்னவர்கள் ஒன்றரைக்கு வந்தார்கள். பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வருகிறோம் என்று இராசமணி மன்னிப்புக் கேட்டாள். நெற்றியில் திருநீறு, கையில் வாழைப்பழச் சீப்பு. ஜெயந்தன் பின்னால் நின்று எல்லோருடைய சப்பாத்தையும் வரிசையாக வைத்தான். நல்ல பழக்கம்தான், ஆனால் ஏமாற்றுகிறவன் இதையெல்லாம் கூடுதலாகச் செய்வான் என்று கிளடிஸ் கணக்குப் போட்டாள்.

மாமாங்கம் கோட்டைக் கழற்றாமலே அமிர்தநாதரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கள எங்கயோ கண்ட முகமா இரிக்கி," என்றார். "நீங்க கல்முனைப் பக்கம் இருந்தீங்களா? நான் இளந்தாரியா இரிக்கக்க அங்க ஐஸ் பெக்டரி ஒண்டுக்கு லொறி ஓடின."

"இல்லை. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை," என்றார் அமிர்தநாதர். "வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ."

கிளடிஸ் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தி மன்னாரில் இருந்து போய்க் கல்முனையில் வேலை செய்த கதையை அவர்தானே சொல்லியிருக்கிறார். சரி, வந்தவுடனே ஊர்க்கதை அளக்க மனிசனுக்கு விருப்பமில்லையாக்கும் என்று அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு, இடியப்பத் தட்டை எடுக்கப் போனாள்.

சாப்பாட்டு மேசையில் கணவாய்க் கறியும் சொதியும் இறால் பொரியலும் ஓடின. இராசமணி கறியைப் புகழ்ந்தாள். கிளடிஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தொடங்கினாள்.

"தம்பி ஜெயந்தன், எனக்கு ஒரு சின்ன விளக்கம் வேணும். வெளியில மைனஸ் எட்டு. உம்மட மெசின் அந்தக் காத்தில இருந்து சூடு எடுக்குது எண்டு சொன்னனீர். மைனஸ் எட்டில என்ன சூடு கிடக்கு?"

ஸ்டெபனி தகப்பனைப் பார்த்தாள். அவர் கணவாயில் கவனமாக இருந்தார்.

"இருக்கு அன்ரி," என்றான் ஜெயந்தன். "ஃபிரிஜ்ஜைப் பாருங்கோ. உள்ளுக்கக் குளிர், பின்பக்கம் கை வைச்சாச் சூடு. உள்ளுக்க இருக்கிற சூட்டை இழுத்துப் பின்னால விடுது. இதுவும் அதே வேலைதான், வெளியில இருந்து இழுத்து வீட்டுக்க விடும். ஃபேர்னஸ் காஸை எரிச்சுச் சூடு உண்டாக்கவேணும். இது இருக்கிற சூட்டை இடம் மாத்திறது மட்டும்தான். அதால எடுக்கிற கரண்டைப்போல ரெண்டு, ரெண்டரை மடங்கு சூடு தரும். நல்லாக் குளிர்ந்து மைனஸ் பதினைஞ்சு, இருபது எண்டு போகேக்க ஃபேர்னஸ் தானாக் கைகுடுக்கும்."

"அப்ப மிச்சமும் வரவேணுமே?"

"பெரிய மிச்சம் எண்டு நான் சொல்லேல்லை அன்ரி. இஞ்ச காஸ் மலிவு, கரண்ட் நேரத்துக்கு நேரம் விலை மாறும். காஸ் பில் பாதியாகும், கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ரெண்டையும் சேர்த்துப் பாத்தாக் குறையும். அதுதான் சொன்னனான். நவம்பரில குறைஞ்சதுதானே?"

"நவம்பரில வெயில் எறிச்சது. ஜனவரியில காஸ் பாதியாகவும் இல்லை, ஒண்டும் இல்லை. கரண்ட் மட்டும் ஏறிக்கிடக்கு."

கிளடிஸ் கைப்பையைத் திறந்து பில் இரண்டையும் இறால் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். விருந்துக்கு வந்த இடத்தில் பில் பரிமாறியதை மாமாங்கம் எங்கே கண்டிருப்பார், பாவம்.

ஜெயந்தன் பில்லை எடுத்துப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று கிளடிஸ் எதிர்பார்த்தாள். புருவம்தான் சுருங்கியது.

"இது சரியில்லை," என்றான். "இவ்வளவு காஸ் எண்டா ஹீட் பம்ப் வேலையே செய்யேல்லை. முழுக்க ஃபேர்னஸ்தான் எரிஞ்சிருக்கு. அன்ரி, நான் ரெண்டு தரம் கோல் பண்ணி, வந்து பாக்கட்டோ எண்டு கேட்டனான்."

கேட்டவன்தான். பார்க்க வந்தால் இன்னொரு சாமான் மாற்றவேண்டும் என்பான், அதற்கும் தலையாட்ட வேண்டிவரும் என்று அவள்தான் மறித்துவிட்டாள். அமிர்தநாதரும், "அவர் வேலைக்காரப் பெடியன், அலைக்கழிக்கவேண்டாம்" என்றிருந்தார்.

ஜெயந்தன் கதிரையைப் பின்னால் தள்ளினான். "வெளியில இருக்கிற பெட்டியை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"சேச்சே, இருங்கோ தம்பி," என்றார் அமிர்தநாதர். அவர் கையில் அகப்பை இருந்தது. "சைட்டில ஸ்னோ முழங்கால் மட்டும் கிடக்கு. சாப்பாட்டில இருந்து எழும்பக்கூடாது. நாளைக்குப் பாக்கலாம். அடுத்த கிழமை பாத்தாலும் ஒண்டுமில்லை. கிளடிஸ், தம்பிக்குக் கணவாய் போடும்."

அமிர்தநாதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி கிளடிஸ் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் பேசச் சொன்னாலும் இரண்டு வசனத்தில் இருந்துவிடுகிற மனிசன். அவளுடைய மூக்கு வேலை செய்யத் தொடங்கியது.

"கணவாய் இருக்கட்டும். நான் புடிங்கை எடுத்துக்கொண்டு வாறன்," என்று எழுந்தாள்.

புடிங் கராஜில் இருந்தது. குளிர்காலத்தில் இந்த ஊரில் எல்லோருக்கும் கராஜ்தான் இரண்டாவது ஃபிரிஜ். விருந்து நாளில் சட்டியும் பானையும் அங்கேதான் வரிசையில் நிற்கும். கிளடிஸ் புடிங் சட்டியைத் தொடவில்லை. மனிசனுடைய பூட்ஸுக்குள் காலை விட்டாள், கராஜின் பக்கக் கதவைத் திறந்து வெளியே இறங்கினாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகக்கூடிய ஒழுங்கை. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைப் பனியில் பூட்ஸ் அடையாளம் போயும் வந்தும் கிடந்தது. காஸ் மீற்றர் பார்க்க வந்தவனாக்கும் என்று நினைத்தாள். அந்த அடையாளத்திலேயே காலை வைத்து வைத்துப் போனாள். பூட்ஸ் அச்சொட்டாகப் பொருந்தியது.

அடையாளம் மீற்றரைத் தாண்டிப் போய் ஹீட் பம்ப் பெட்டியின் முன்னால் நின்றது. பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் தார்ப்பாய் போன்ற நீலப் படங்கு ஒன்று போர்த்திக் கட்டிக் கிடந்தது.

அவளுக்கு அந்தப் படங்கைத் தெரியும். பழைய ஏசி இருந்த காலத்தில் குளிர் தொடங்கமுன் அதை இந்தப் படங்கால் மூடிக் கட்டுவது அமிர்தநாதரின் வேலை. கயிற்று முடிச்சையும் தெரியும். கிறிஸ்மஸ் மரத்தைக் காரின் மேலே கட்டுகிற அதே இரட்டை முடிச்சு. வெளியே நிற்பது ஏசி மாதிரியே ஒரு பெட்டி. பழக்கத்தில் மனிசன் மூடிவிட்டது. காற்றை இழுக்கவேண்டிய மெசின் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு நின்றால் சூடு எங்கிருந்து வரும்? மெசின் சும்மா திணறிக் கரண்டைக் குடிக்க, ஃபேர்னஸ் தனியாகக் கிடந்து எரிந்திருக்கிறது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஒரு நல்ல பெடியனை, சப்பாத்து அடுக்கி வைத்தவனை, மாதக்கணக்காகக் கள்ளன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறாள். இன்னும் பத்து நிமிடத்தில் அவனுடைய தாய் தகப்பன் முன்னால் இல்லை என்று சொல்லி, தன் மகளின் வாழ்க்கையையும் நாசமாக்கியிருப்பாள். "மாதாவே, காப்பாத்தினீர்," என்று வாய்விட்டே சொன்னாள்.

முடிச்சை அவிழ்க்க நகம் ஒடிந்தது. படங்கை உருவி எடுத்தாள். பெட்டியின் தலையில் பனி ஒரு சாண் உயரத்துக்குப் படிந்து இறுகிப் போயிருந்தது. கையுறை இல்லை. வெறுங்கையால் அதை வழித்துத் தள்ளினாள். படங்கைச் சுருட்டிக் கொண்டுவந்து கராஜில் அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகினாள். மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் மனிசனின் மானத்தை ஏலம் போடவேண்டியதில்லை.

புடிங் சட்டியோடு அவள் உள்ளே வந்தபோது எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நான் போய்ப் பாத்தனான்," என்றாள். "பெட்டியை ஸ்னோ அடைச்சுக் கிடந்தது. வழிச்சுப்போட்டன். உம்மில ஒரு பிழையும் இல்லை. எல்லாருக்கும் முன்னால கேட்டது என்ர பிழை."

ஸ்டெபனி வாயில் வைத்த கரண்டியை எடுக்க மறந்தாள். தாய் பிழை என்று ஒத்துக்கொண்டதை அவள் பிறந்ததில் இருந்து கேட்டதில்லை.

ஜெயந்தன் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டை நிறுத்திப் போட்டான், எதையோ அழுத்தினான், காத்து நின்றான். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைப் பக்கம் ஒரு முனகல் சத்தம் கேட்டது. தரையில் இருந்த காற்றுத் துவாரத்தின் மேல் கையைப் பிடித்தான்.

"வருது. இனிச் சரி. ஸ்னோ அவ்வளவுக்கு அடைக்கிறது புதினம்தான். ஸ்டாண்டைக் கொஞ்சம் உயர்த்தி விடுறன் அன்ரி, காசு வேண்டாம்."

அந்த "காசு வேண்டாம்" கிளடிஸுக்கு எங்கேயோ சுட்டது.

"அப்ப, கிளடிஸ் அக்கா," என்று இராசமணி மெல்லத் தொடங்கினாள், "திகதியப் பத்திக் கதைப்பமா?"

"கதைப்பம். புடிங் கோப்பையளை எடுத்துக்கொண்டு வாறன்."

குசினிக்குள் அமிர்தநாதர் பின்னாலேயே வந்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டார்.

"நீர் அங்க என்ன செய்தனீர்?"

"உங்கட படங்கை எடுத்தனான்." அவளுக்கு அவரைச் சீண்டவேண்டும் போலிருந்தது. "மூடுறதுக்கு முந்தி என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கக்கூடாதே? உங்கட பழக்கத்தால ஒரு சம்பந்தம் குழம்பப் பாத்தது. பயப்பிடாதேங்கோ, ஸ்னோ எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் பெருமூச்சு விட்டார். முகம் இளகியது.

"பழக்கதோசம், கிளடிஸ். ஒக்டோபர் கடைசியில மூடினனான். அப்ப ஒரு துளி ஸ்னோகூட விழேல்லை. பிறகு துண்டா மறந்துபோனன்."

"மறக்கிறதில உங்களை அடிக்க ஆளில்லை," என்று சிரித்துக்கொண்டு அவள் கோப்பைகளை அடுக்கினாள். கை எரிந்தது. குனிந்து பார்த்தாள். பனியை வழித்த கை இன்னும் சிவந்துபோய்த்தான் இருந்தது.

பனி படங்கின் மேலே கிடக்கவில்லை. படங்குக்குக் கீழே, பெட்டியின் தலையில் கிடந்தது.

ஒக்டோபரில் மூடிய பெட்டியின் தலையில் பனி எப்படி ஏறும்? ஒக்டோபரில் மூடியிருந்தால் நவம்பர் பில் எப்படிக் குறையும்? பில் ஏறியது ஜனவரியில். ஜனவரிக்கு முந்தி நடந்தது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் மாமாங்கம் என்று ஸ்டெபனி இந்த வீட்டில் சொன்னாள். அந்த மாமாங்கம் கல்முனை என்று வாசலில் கேட்டபோதுதான் இவர் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று பொய் சொன்னார். அதற்குப் பிறகு இந்த மனிசன், "பிள்ளைக்குப் பிடிச்சிருந்தாச் சரிதானே" என்று சொல்லிவிட்டு, பனிக்குள் இறங்கிப் போய் இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் ஒருதரம் போய்ப் படங்கின் மேல் விழுந்த பனியை உதறிவிட்டு, முடிச்சு இறுக்கமா என்று பார்த்திருக்கிறார். பூட்ஸ் பொருந்தாமல் என்ன செய்யும்.

கத்தியதெல்லாம் கிளடிஸ். சம்பந்தத்தைக் கலைக்கப் பார்த்தது இவர்.

அவள் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை, அவரை ஒன்றும் கேட்கவும் இல்லை. ஏன் என்று கேட்டால் இவர் இன்னொரு பொய் சொல்வார், அதையும் தான் நம்பிவிடுவேனோ என்று பயந்தாள். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

"மே மாசத்தில வைப்பம்," என்றாள். "எங்கட சேர்ச்சிலயும் வேணும், உங்கட கோயிலிலயும் வேணும். என்ர பிள்ளைக்கு இதைவிட நல்ல மாப்பிள்ளை நான் தேடினாலும் கிடையாது."

இராசமணி கும்பிட்டாள். ஸ்டெபனி எழும்பி வந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளின் தோளுக்கு மேலாகக் கிளடிஸ் குசினி வாசலைப் பார்த்தாள். அமிர்தநாதர் அங்கே நின்றார். முகத்தில் சந்தோசத்தை வரவழைக்கப் பார்த்தார், அது வரவில்லை.

அவரை மாமாங்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, எனக்கு இப்ப வடிவா ஞாபகம் வருகுது," என்றார் மாமாங்கம். "அந்த ஐஸ் பெக்டரியில மன்னார்ப் பொடியன் ஒருத்தன் நிண்டான். ஒரு நாள் ராவோட ராவாக் காணாமப் போனான். அண்ணன், உண்மையச் சொல்லுங்க, அது நீங்கதானே?"

அமிர்தநாதர் வாயைத் திறந்தார். மகளின் கை இன்னும் கிளடிஸின் கழுத்தைச் சுற்றியே இருந்தது.

"இவர் அந்தப் பக்கம் போனதே இல்லை, அண்ணை," என்றாள் கிளடிஸ்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் சொன்ன கல்முனைக் கதைகளைக் கேட்டு அவள் எத்தனையோ நாள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அது அந்த வீட்டில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.